மேசையில் இல்லாத உப்பு

என் அக்கா வீட்டுக்காரர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். பழகுகிறவர் காலடியில் இருப்பது போலவே அவர் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்து, அவருடைய வலது கால் அவர் பேச்சைக் கேட்பதையே நிறுத்திவிட்டது. டிவியில் கார் வேகமாக வந்தால் தரையை மிதிப்பார். நான் வாயைத் திறந்தாலும் சில சமயம் மிதிப்பார். தெருவுக்கே அவர் பிரேக் வாத்தியார், எனக்கு மாமா.

பழக வருகிறவர்களிடம் முதல் நாளே ஒன்று சொல்லிவிடுவார். "கையும் காலும் நல்லதைக் கத்துக்க மாசக்கணக்கா ஆகும். கெட்டதைக் கத்துக்க ஒரு நாள் போதும்." என்னிடமும் சொல்லியிருக்கிறார். நான் இன்றைக்கு வரை ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை, அது வேறு கதை.

அக்காவுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு வந்தபோது டாக்டர் உப்பைத் தொடவே கூடாது என்றார். பத்தியச் சாப்பாடு என்றால் என்ன என்று அப்போதுதான் அந்த வீட்டுக்குத் தெரிந்தது. அக்கா ஒரு வாய் வைப்பாள், தட்டைத் தள்ளிவிடுவாள், அழுவாள். உடம்பு நூலாக இளைத்துவிட்டது. ஒருநாள் மாமா எழுந்துபோய் அடுக்களையிலிருந்த உப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தார். நான் பக்கத்து வீடுதான். "இதை நீயே வெச்சுக்க. இனிமே எங்க வீட்டுல யாருக்கும் உப்பு கிடையாது. எனக்கும்தான்" என்றார்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அந்தக் குப்பையை அவர் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து, முகம் சுளிக்காமல், வருஷக்கணக்காகச் சாப்பிட்டார். அவர் ஒரு வாய், அக்கா ஒரு வாய். அப்படித்தான் அவள் உடம்பு தேறியது. எனக்கு வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் அந்த மனுஷனோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் நான் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டேன். சிரிக்காதீர்கள், உண்மை.

மாமாவுக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர் ஒருவர், டைல்ஸ் கடைக்காரர். கொஞ்ச நாளாக அவருக்குக் கோல்ஃப் பைத்தியம். வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டுதான் கடையில் கல்லாவில் உட்காருவார். டைல்ஸ் கம்பெனி அவருக்குக் கடலோரச் சொகுசு விடுதியில் தங்க இரண்டு பேருக்கு ஏற்பாடு செய்திருந்தது. பெண்டாட்டி வர மறுத்துவிட்டாள், கோல்ஃப் பேச்சைக் கேட்டே அவளுக்குக் காது புளித்திருக்கும். "நீ வாடா" என்று மாமாவைக் கூப்பிட்டார்.

கரும்பு தின்னக் கூலியா? ஆனாலும் மாமா தயங்கினார். அக்காதான் போகச் சொன்னாள். "நாலு நாள் நல்லா சாப்பிட்டுட்டு வாங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"நீ தொடாததை நான் தொடமாட்டேன்" என்றார் மாமா. யாரும் கேட்காமலே சொன்னார். நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

அங்கே நடந்ததை அவரே பிற்பாடு என் அடுக்களையில், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கோல்ஃப் மைதானத்தில் ஓடுகிற சின்ன வண்டியை டைல்ஸ்காரர்தான் ஓட்டினாராம். மாமா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு மேட்டிலும் இல்லாத பிரேக்கை மிதித்தாராம். பந்தை அடிக்கப் போனால் புல்தான் பறந்தது. ஒரு தடவை பந்து எழும்பி நேரே மணல் குழிக்குள் போய் விழுந்தது. டைல்ஸ்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமாவும் சிரித்தார். அத்தனை வருஷத்தில் அப்படிச் சிரித்ததே இல்லை என்றார்.

மணலில் நின்று மட்டையை வீசி வீசிக் களைத்தபோது கடல்காற்று முகத்தில் அடித்தது. தற்செயலாக உதட்டை நக்கினார். உப்பு.

"நாக்கு செத்துப்போச்சுன்னு நெனச்சிருந்தேன். அது சும்மா தூங்கிட்டுதான் இருந்திருக்கு" என்றார். மறுபடியும் நக்கினாராம். வாத்தியாருக்கு என்ன ஆயிற்று என்று டைல்ஸ்காரர் கேட்கிற அளவுக்கு நக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்.

பிறகு மொட்டைமாடியில் கடலைப் பார்த்துப் போட்ட மேசை. குளிர்ந்த பீர். கூடவே உப்புக் கடலை. முதலில் ஒரே ஒரு கடலை. கிண்ணம் காலியானதும் டைல்ஸ்காரர் இன்னொரு கிண்ணம் கொண்டுவரச் சொன்னார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெண்ணெயில் வதக்கிய இறால், நண்டு, பொரித்த மீன், அப்புறம் விஸ்கி. தண்ணீர் கிளாசுக்குப் பக்கத்தில் கண்ணாடி உப்புக் குப்பி இருந்தது. ஏற்கெனவே உப்புப் போட்டதன் மேலும் மாமா அதைக் கவிழ்த்துத் தட்டினார். காலையில் முட்டை மேல் தட்டினார், பப்பாளித் துண்டு மேல்கூடத் தட்டினார். ஆசை யாரை விட்டது! இங்கே வரைக்கும் எனக்கு அவர்மேல் கோபமே இல்லை. மனுஷன்தானே.

ஆனால் அக்கா போன் செய்தாள். "என்ன சாப்பிட்டீங்க?"

வாயில் இறாலை வைத்துக்கொண்டு மாமா சொன்னார்: "சூப்பும் வேகவெச்ச காயும்தான். உப்பு போட வேண்டாம்னு சொல்லி வாங்கினேன். நீ சாப்பிட்டியா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதுதான். அன்று அக்காவுக்குத் துணையாக நான்தான் அங்கே இருந்தேன். அவர் இல்லாததால் பகல் முழுக்கச் சாப்பிடாமல் அடம்பிடித்தவள், போனை வைத்ததும் தட்டை இழுத்து வைத்துக்கொண்டாள். "பாருடி, அங்க போயும் அந்த மனுஷன் உப்பு போடாமத்தான் சாப்பிடுறாரு" என்று சொல்லி, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

மாமா திரும்பி வந்த அன்று அக்கா எலுமிச்சை பிழிந்து, பூண்டு தட்டிப்போட்டு, அவருக்குப் பிடித்த மாதிரி சமைத்திருந்தாள். என்னையும் சாப்பிட உட்காரச் சொன்னாள். மாமா கதை சொல்லிக்கொண்டே முதல் வாய் வைத்தார். "அந்த மணல் குழி இருக்கே, அதுல இறங்கினா..." என்று சொல்லும்போதே அவருடைய இடது கை தானாக நீண்டது. தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் போய்த் தடவியது. ஒன்றும் கிடைக்கவில்லை. கண் கையின் பக்கம் திரும்பவே இல்லை, வாய் கோல்ஃபைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. கை மட்டும் டம்ளருக்கு அந்தப் பக்கமும் போய்த் தேடியது.

அந்த மேசையில் வருஷக்கணக்காக உப்பு இருந்ததில்லை.

அக்கா அந்தக் கையையே பார்த்தாள். நானும் பார்த்தேன். பேச்சு நின்றதும் மாமாவும் குனிந்து பார்த்தார். சட்டென்று கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். முகம் காதுவரை சிவந்துவிட்டது. வலது கால் மேசைக்கடியில் தரையை ஓங்கி மிதித்தது.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "போய் அந்த ஜாடியை எடுத்துட்டு வாடி."

"வேண்டாம்" என்றார் மாமா.

"எடுத்துட்டு வாடின்னா."

எடுத்து வந்தேன். அடியில் இறுகிக் கிடந்த உப்போடு அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மாமா தலையை நிமிர்த்தவே இல்லை. "அசிங்கமா இருக்கு. என்னை நெனச்சா எனக்கே அசிங்கமா இருக்கு" என்றார்.

"சாப்பிட்டது தப்பில்ல. நானேதானே சாப்பிடச் சொன்னேன்?" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை, அழவும் இல்லை. "நீங்களும் எங்கயோ உக்காந்து இதைத்தான் முழுங்கிட்டு இருக்கீங்கன்னு நெனச்சுதான் அன்னிக்கு நான் முழுங்கினேன்."

மாமா சாப்பிட்டு முடித்தார், ஜாடியைத் தொடாமல்தான். அக்கா பாதியில் எழுந்துவிட்டாள்.

ஜாடி என் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. மாமா பழையபடி உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறார், சத்தியம் வேண்டுமானால் நான் செய்கிறேன். ஆனால் சாப்பாடு போடும்போதெல்லாம் அக்கா முதலில் அந்த ஜாடியை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் நகர்த்தி வைக்கிறாள். பிறகுதான் சோறு போடுகிறாள். அவர் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, தனியாக உட்கார்ந்து அவள் சாப்பிடுகிறாள்.