வரிசையில் முதல் ஆள்

மார்லிஸ் ஹாவ்லிக்குக் கதை கட்டத் தெரியாது. விரிசல் விட்ட கோப்பையை விற்கும்போதுகூட, விரிசல் எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் காசு வாங்குவாள். நடந்ததை அவள் என்னிடம் இரண்டு முறை சொன்னாள், ஒன்றரை வருட இடைவெளியில். இரண்டு முறையும் மணி, நிமிஷம் எதுவும் மாறவில்லை. அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

அமெரிக்காவில், அயோவா மாநிலத்துச் சீடர் ராப்பிட்ஸ் நகரம். இறந்தவர்களின் வீட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் சாமான்களை அங்கேயே வைத்து விற்றுக்கொடுப்பது மார்லிஸின் தொழில். இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறாள். வியாழன் வரை விலைச் சீட்டு கட்டுவது. வெள்ளி முழு விலை, சனி பாதி விலை. மிச்சம் மீதி ஞாயிற்றுக்கிழமை லாரியில் போய்விடும். குடும்பத்தாரிடம் அவள் கேட்பது இரண்டே இரண்டு. வேண்டியதை முன்னாலேயே எடுத்துக்கொண்டு போங்கள். விற்பனை நாளில் இந்தப் பக்கம் வராதீர்கள். பெற்றவளின் ஸ்வெட்டரை யாரோ உதறிப் பார்த்து விலை பேசுவதைக் காண எந்தப் பிள்ளைக்கும் தெம்பு இருக்காது.

கோர்டன் ஸ்டோடோலாவுக்கு அந்தத் தெம்பு நிறையவே இருந்தது. அம்மா வெர்னா, எண்பத்தாறு வயது, செப்டம்பரில் நிலவறைப் படியில் விழுந்து இறந்துவிட்டாள் என்றான். நவம்பரில் சாவியை நீட்டினான்.

“எனக்கு ஒரு ஸ்பூன்கூட வேணாம். துடைச்சு எடுத்துடுங்க.”

“வேற பிள்ளைங்க?”

“ஒரு அக்கா இருக்கா, நெப்ராஸ்கால. அவளுக்கும் ஒண்ணும் வேணாம்.”

செவ்வாய்க்கிழமை மாலை 4:10. சமையலறையில் விலைச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த மார்லிஸ் ஒரு சர்க்கரைக் கிண்ணத்தைத் திருப்பினாள். அடியில் மஞ்சள் காகித டேப். அதில் பென்சிலால், நடுங்கிய கையெழுத்தில்: ‘லொரெட்டாவுக்கு.’

தையல் மிஷினுக்கு அடியில் அதுவே. சுவர்க் கடிகாரத்தின் முதுகில் அதுவே. மெத்தை விரிப்பின் ஓரத்தில், படங்களின் பின்புறத்தில், மரப்பெட்டி மூடியின் உட்பக்கம்... வயதானவர்கள் இப்படி எழுதி ஒட்டி வைப்பது மார்லிஸுக்குப் புதிதல்ல. வீடு முழுக்க ஒரே பெயர் இருப்பதுதான் புதிது. கோர்டனுக்குப் போன் செய்தாள்.

“பிச்சுப் போடுங்க,” என்றான். “கிழவிக்குக் கடைசில புத்தி சரியில்ல.”

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன் அவன். மார்லிஸ் பிய்த்தாள். அறுபத்தொரு துண்டு. உருண்டையாகச் சுருட்டிக் குப்பையில் போட்டாள்.

புதன் காலை 8:05. சர்க்கரைக் கிண்ணத்தை இடம் மாற்றி வைக்கக் கையில் எடுத்தாள். அடியில் டேப் இருந்தது.

புது டேப். பசை காயவில்லை. பென்சில் கரி அவள் கட்டைவிரலில் ஒட்டியது. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் திங்கட்கிழமைதான் அவளே புதுப்பூட்டு மாட்டியிருந்தாள். சாவி அவள் கழுத்தில் தொங்கியது.

அறுபத்தொன்றும் திரும்ப வந்திருந்தன.

கூட வேலை செய்யும் டார்லீனிடம் அவள் மூச்சுவிடவில்லை. மறுபடி பிய்த்தாள். வியாழன் காலையில் மறுபடி இருந்தன. இந்த முறை எழுத்து நடுங்கவில்லை. டேப் கிழியும் அளவுக்குப் பென்சிலை அழுத்தி எழுதியிருந்தது. மார்லிஸ் தொடவில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

அன்று மாலை 6:00. வரிசைத் தாளை முன்கதவில் மாட்டினாள். முதலில் வருகிறவர் முதல் வரியில் பெயர் எழுதுவார். மறுநாள் அந்த வரிசையில்தான் உள்ளே விடுவார்கள்.

வெள்ளி காலை 6:20. இன்னும் விடியவில்லை. வாசல் படியிலிருந்து தெருவரை பதினான்கு பேர். கையில் காபி, பையில் கோலாச்சி என்ற இனிப்பு ரொட்டி. பழைய சாமான் வியாபாரி டக் இரண்டாவதாக நின்றான். அவன் இரண்டாவதாக நின்று அவள் பார்த்ததே இல்லை.

“என்ன டக், வயசாயிடுச்சா? முதல் இடத்தை விட்டுட்ட?”

“அஞ்சு மணிக்கே வந்துட்டேன். அதுக்கு முன்னாடியே இந்தம்மா நிக்கிறாங்க. வெறும் நைட்டி, கால்ல செருப்புகூட இல்ல. என் கோட்டைக் குடுத்தேன், வேணாம்னுட்டாங்க.”

“எந்தம்மா?”

டக் திரும்பினான். அவனுக்கு முன்னால் யாரும் இல்லை.

“இப்பத்தான்... பேசிட்டே இருந்தாங்களே. மகளுக்கு இடம் பிடிக்கிறேன்னாங்க...”

மார்லிஸ் டார்ச்சை அடித்தாள். வாசல் மரத்தளத்தில் டக் நின்ற பலகையில் உறைபனி மிதிபட்டுக் கலைந்திருந்தது. அதற்கு முன் பலகையில் பனி வெள்ளையாக, முழுதாக இருந்தது. ஒரு கால் தடம் இல்லை.

தாளைப் பார்த்தாள். முதல் வரி. பென்சில்.

‘லொரெட்டா.’

மணி 8:58. நெப்ராஸ்கா எண் போட்ட கார் ஒன்று வந்து நின்றது. அறுபது வயதுப் பெண் ஒருத்தி இறங்கி நேராகப் படியேறினாள்.

“நான் லொரெட்டா. அம்மா உள்ள இருக்காங்களா? எதுக்கு இத்தனை கூட்டம்?”

மார்லிஸ் கதவிலிருந்த தாளைத் திரும்பிப் பார்த்தாள். “உங்களுக்கு... யாரும் சொல்லலியா?”

“என்ன சொல்லணும்? நேத்து அம்மாதான் போன் பண்ணினாங்க. நாளைக்கு ஒம்பது மணிக்குள்ள வந்துடு, உனக்கு இடம் பிடிச்சு வைக்கிறேன்னாங்க. ரெண்டு மாசமா கோர்டன் போனைக் குடுக்கவே இல்ல. தூங்குறாங்க, தூங்குறாங்கன்னே சொல்லிட்டிருந்தான்.”

போனை எடுத்துக் காட்டினாள். நேற்று இரவு 8:12. இந்த வீட்டு எண்.

இந்த வீட்டுப் போனுக்கு விலைச் சீட்டு கட்டியதே மார்லிஸ்தான். ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்திருந்தாள்.

பதினான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்க, தாய் இறந்த செய்தியை மார்லிஸ்தான் சொல்ல வேண்டியிருந்தது. லொரெட்டா கத்தவில்லை. வாசல் ஊஞ்சலில் உட்கார்ந்தாள். “எங்க புதைச்சான்?” என்று மட்டும் கேட்டாள்.

மார்லிஸ் உள்ளே போய், டேப் ஒட்டிய அறுபத்தொரு சாமானிலும் ‘விற்றாயிற்று’ என்று எழுதினாள். தொழிலில் முதல் தடவையாக ஒப்பந்தத்தை மீறினாள். பிறகுதான் கதவைத் திறந்தாள்.

9:25. கோர்டன் வந்தான்.

“இவளை யாரு கூப்பிட்டது?”

“அம்மா,” என்றாள் லொரெட்டா.

அவன் முகம் சுண்டியது. “பைத்தியமா உனக்கு?”

“அம்மா செத்ததை எனக்கு ஏன் சொல்லல கோர்டன்?”

“அம்மாவோட காகிதப் பெட்டி கீழ இருக்கு, எடுத்துட்டுப் போயிடறேன்,” என்று மார்லிஸிடம் முணுமுணுத்துவிட்டுக் கூட்டத்தை இடித்துக்கொண்டு நிலவறைப் பக்கம் போனான். பின்வாசல் வழியாகக் கிளம்பியிருப்பான் என்று இருவரும் நினைத்தார்கள்.

பகல் முழுக்கக் கூட்டம். நாற்காலிகள் போயின, விளக்குகள் போயின. 2:40க்கு டார்லீன் கேட்டாள்.

“மார்லிஸ், நிலவறைல இருந்து ஒரு சுத்தியல்கூட வரலியே? ஆம்பளைங்க முதல்ல அங்கதானே ஓடுவாங்க?”

பணம் கொடுத்துக்கொண்டிருந்த டக் நிமிர்ந்தான்.

“கீழ ஒண்ணும் இல்லன்னாங்களே.”

“யாரு?”

“காலைல நின்னாங்களே, அந்தம்மா. நிலவறைக் கதவை முதுகால சாத்திக்கிட்டு நின்னாங்க. வர்றவங்க கிட்டெல்லாம் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க... கீழ ஒண்ணும் இல்ல, மேல போய்ப் பாருங்கன்னு.”

மார்லிஸ் எழுந்தாள்.

நடைவழி காலியாக இருந்தது. காலையில் அவளே கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்த கதவு... சாத்தியிருந்தது.

கைப்பிடி பனிக்கட்டி போல.

திருகினாள்.

திறந்தது.

விளக்கைப் போட்டாள்.

கடைசிப் படிக்குக் கீழே கோர்டன் கிடந்தான். மல்லாக்க. கண் திறந்திருந்தது. உயிர் இருந்தது. வாய் அசைந்தது... அசைந்தது... சத்தம் மட்டும் வரவில்லை.

ஐந்தேகால் மணி நேரம். தலைக்கு மேலே இருநூறு பேர் நடந்திருக்கிறார்கள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் அவனைப் புரட்டினார்கள். சட்டையின் முதுகில் மஞ்சள் டேப்.

‘லொரெட்டாவுக்கு.’

கோர்டன் பிழைத்தான். பேச்சு போய்விட்டது. உடம்பில் இடது கை மட்டும் அசைந்தது. மனைவி, பிள்ளை கிடையாது. அவனுக்காகக் கையெழுத்துப் போட, எந்தப் பராமரிப்பு விடுதியில் சேர்ப்பது, எந்த அறையில் போடுவது என்று முடிவு செய்ய, உலகத்தில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். லொரெட்டா பத்து நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டாள்.

ஜனவரி மாதம், பலசரக்குக் கடையில் மார்லிஸ் வெர்னாவின் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தாள். ரஸ்ஸல், ஓய்வு பெற்ற தபால்காரர். அவராகவே பேச்சை எடுத்தார்.

“செப்டம்பர்ல வெர்னா விழுந்தாங்கன்னு சொன்ன அந்த வாரம்... ரெண்டு நாள் பூரா அந்த வீட்டு நிலவறைல இருந்து இரும்புக் குழாயைத் தட்டுற சத்தம் கேட்டுச்சு. விட்டு விட்டு. ரெண்டாவது ராத்திரிதான் நின்னுச்சு. குழாய் வேலை நடக்குதுன்னு நினைச்சேன். போய்ப் பார்த்திருக்கணும்... போகல.”

“ஏன் போகல?”

“கோர்டன் வண்டி வாசல்லயே நின்னுச்சே. அந்த ரெண்டு நாளும்.”

மார்லிஸ் கூடையை அப்படியே வைத்துவிட்டுக் காருக்கு வந்தாள். லொரெட்டாவுக்குப் போன் செய்து, கேட்டதைச் சொன்னாள். லொரெட்டா பேசினாள்.

“விடுதியில இருந்து போன வாரம் கூப்பிட்டாங்க. கோர்டன் ராத்திரியெல்லாம் கட்டில் கம்பியைத் தட்டுறானாம். மத்தவங்க தூங்க முடியலயாம். அவன் ரூம் கதவைச் சாத்திடலாமான்னு கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சாத்திடுங்கன்னேன்.” குரல் உடைந்தது. “அப்ப எனக்கு இது எதுவுமே தெரியாது, மார்லிஸ்.”