சீனியின் மூக்கு

வண்டி வந்து நின்றதும் சீனி ஆளைப் பார்ப்பதில்லை. நேராகப் பின்பக்கம் போய், முழங்காலில் கையூன்றிக் குனிந்து, குழாயிலிருந்து வரும் புகையை இரண்டு தடவை இழுத்து முகர்வார். பிறகுதான் நிமிர்ந்து, "என்னலா, இதுக்கு நடந்தே வந்திருக்கலாமே?" என்பார். வந்தவர் கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணியானாலும் சரி, ஈயச் சுரங்கத்து லாரிக்காரரானாலும் சரி, முதல் மரியாதை புகைக்குத்தான். ஈப்போவை அடுத்த லகாட்டில் வண்டி பழுது பார்க்க அத்தாப்பு ஓலைக் கொட்டகை போட்ட நாளிலிருந்து எட்டு வருஷமாக இது மாறவில்லை.

அவர் மனைவி செல்லாயி கொட்டகை வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து பழந்துணி கிழித்துக்கொண்டிருப்பாள். எண்ணெய் துடைக்க எத்தனை துணி இருந்தாலும் போதாது. பேசுகிற வேலையைக் கணவரிடம் விட்டுவிட்டவள் அவள். கை துணியில் இருக்கும். கண் ரோட்டில் இருக்கும்.

சீனியின் மூக்கு தேறியது மூங்கில் தோட்டம் என்று பேர்கொண்ட ரப்பர்த் தோட்டத்துப் புகைக்கூடத்தில். ரப்பர்ப் பாலை உறைய வைத்து, தகடாக உருட்டி, கழிகளில் தொங்கவிட்டு நாலைந்து நாள் புகை போடுவார்கள். ஈர விறகு ஒன்று அடுப்பில் விழுந்தாலும் தகட்டில் கறை ஏறிவிடும். பன்னிரண்டு வருஷம் அந்த அடுப்போடு கிடந்தவர், எந்த விறகு எரிகிறது என்பதைக் கதவுக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவார். அதற்கு விலையாகக் கண் இரண்டும் போய்விட்டன. முழுக்க இல்லை, ஆனால் எப்போதும் சிவந்து நீர் கோத்தபடியே இருக்கும். பத்தடிக்கு அப்பால் நிற்பவர் ஆணா பெண்ணா என்பது அவருக்குக் குரலைக் கேட்டால்தான் தெரியும். "கண்ணுக்கு வேண்டிய கூலிய மூக்கு வாங்கிக்கிட்டுது" என்று சிரிப்பார்.

புகைக்கூடத்திலிருந்து அவரை மீட்டது ஒரு மோட்டார் சைக்கிள். தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னத்துரையின் வண்டியைத் துடைக்கப் போய், கழற்றப் பழகி, பூட்டவும் பழகிக்கொண்டார். சின்னத்துரை சீமைக்குத் திரும்பியபோது திருகு கருவிகள் இருந்த சாவிப்பெட்டியைச் சீனியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதை வைத்துத்தான் கொட்டகை. பழைய கங்காணி பழனியப்பனுக்கு இது பொறுக்கவில்லை. லகாட் பக்கம் வரும்போதெல்லாம் வாசலில் நின்று, "அடுப்பு ஒன்னத் தேடுதுடா சீனி, எப்ப வார?" என்று கேட்டுவிட்டுப் போவார். சீனி அதற்கு மட்டும் சிரிப்பதில்லை.

கொட்டகை நிற்பது ஒரே ஆளை நம்பி. மூங்கில் தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரெசர் பஞ்சலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர். மருந்துக் குப்பியைச் சரித்துச் சொட்டு எண்ணும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார் என்று தோட்டத்தில் பேசிக்கொள்வார்கள். துரையிடம் நற்சொல் சொல்லி, தோட்டத்து லாரியையும் தண்ணீர்ப் பம்பையும் சீனியிடம் அனுப்பி வைத்தவர் அவர்தான். அவருடைய மோட்டார் சைக்கிளே பின்னால் சீனிக்கு வினையாக வந்தது.

நாலு வருஷத்துக்கு முன் அந்த வண்டி லேசாக நீலப் புகை விடத் தொடங்கியது. மாதம் போகப் போகப் புகை தடித்தது. கடைசியில், பின்னால் வரும் மாட்டுவண்டிக்காரன் இருமி வைகிற அளவுக்கு ஆயிற்று. அதோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். எண்ணெய் ஏறி பிளக் நனைந்து நடுவழியில் எஞ்சின் அணைந்துவிடும். ஒரு நாள் டிரெசர் மருந்துப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நாலு மைல் நடந்து போனார். அங்கே வீரம்மா என்ற பால்வெட்டுப் பெண், பிரசவமாகி, இரத்தம் நிற்காமல் அவருக்காகக் காத்துக் கிடந்தாள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் துரை மணிக்கூட்டைக் காட்டிக் கத்தினார்.

சீனி குனிந்தார், முகர்ந்தார். "பெட்ரோல் இல்ல. எண்ணெய் எரியுது. பிஸ்டன் வளையம் தேஞ்சு போச்சு, ஐயா. கொஞ்சங் கொஞ்சமாத்தானே கூடிச்சு? தேய்மானம்தான். மூக்கு பொய் சொல்லாதுலா."

எஞ்சினைக் கழற்றினார். பிஸ்டன் தலையில் கரி அடை போலப் படிந்திருந்தது, சுரண்டினார். ஈப்போவிலிருந்து புது வளையம் வரவழைத்துப் போட்டார். பழகிய ரோட்டில் ஊர்ந்தபடி தானே பக்கத்துச் சிலிபின் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு பொட்டுப் புகை இல்லை. மூன்றாம் நாள் டிரெசர் நீல மேகத்தோடு திரும்பி வந்தார்.

மறுபடி கழற்றினார். வால்வைத் தேய்த்தார், வேறு எண்ணெய் மாற்றினார். சீனி ஓட்டினால் சுத்தம். டிரெசர் கைக்குப் போனால் மூன்றே நாளில் புகை. சீனிக்கு எரிச்சல் வந்தது.

"மண்ணெண்ணெய கலந்து ஊத்துறீங்களா ஐயா? உள்ளதச் சொல்லுங்க."

"என்ன கதை காணும் இது! நான் என்ன விளக்கே கொளுத்துறன்?" டிரெசர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "இஞ்சை பாரும் சீனி. இது மூண்டாந்தரம். வெள்ளிக்கிழமைக்குள்ளை சரிவராட்டில் வண்டி ஈப்போவுக்குப் போகும். லொறியும் பம்பும் அதுக்குப் பின்னாலை போகும். துரை சொல்லிப்போட்டார். என்னாலை ஒண்டும் செய்ய ஏலாது."

லாரியும் பம்பும் போனால் கொட்டகை இல்லை. கொட்டகை இல்லாவிட்டால் பழனியப்பனின் அடுப்புத்தான். அது மூன்று பேருக்கும் தெரியும்.

டிரெசர் போன பிறகு சீனி கழற்றிப் போட்ட பழைய வளையங்களை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தடவிக்கொண்டிருந்தார். தேய்மானம் தட்டுப்படவில்லை. போன மாதமே தட்டுப்பட்டிருக்காது. அப்போது தடவிப் பார்க்கவில்லை, முகர்ந்ததோடு சரி.

செல்லாயி துணி கிழிப்பதை நிறுத்தினாள்.

"ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"எதுத்தாப்புல முனியாண்டி கோயிலத் தாண்டுறப்ப டிரெசர் ஐயா டாங்கிய ஒரு அமுக்கு அமுக்கிட்டுப் போறாரே, அது என்னாத்துக்கு?"

"சாமி கும்புடுறாருலா."

"கும்புடுறவரு சாமியப் பாக்க மாட்டாரா? அவரு டாங்கியத்தான் பாக்குறாரு. வர்றப்பயும் அமுக்கினாரு, போறப்பயும் அமுக்குறாரு."

இந்த வண்டிகளில் எண்ணெய் தானாக எஞ்சினுக்குப் போகாது. டாங்கின்மேல் ஒரு பித்தளைக் குமிழ் இருக்கும். ஓட்டுபவர் அவ்வப்போது அதைக் கையால் அழுத்தினால் ஒரு மடக்கு எண்ணெய் உள்ளே இறங்கும். எஞ்சினுக்குள் போன எண்ணெய் எரிந்து புகையாகத்தான் வெளியே வரும். ஐந்து மைலுக்கு ஒரு தடவை அழுத்தினால் போதும். சீனிக்கு அது மூச்சு விடுவதுபோல. எண்ணிப் பார்த்து அழுத்தியதே இல்லை.

மறுநாள் காலை லகாட்டுக்கு வந்த டிரெசரின் வண்டியில் பின் கம்பித்தட்டில் தொற்றிக்கொண்டு மூங்கில் தோட்டத்துக்குப் போனார். பத்து மைல். கண்ணால் எதுவும் சரியாகத் தெரியாததால் டிரெசரின் வலது தோளில் கையை வைத்திருந்தார். குமிழுக்குக் கை போகும்போதெல்லாம் தோள் இறங்கியது. முனியாண்டி கோயிலில் இறங்கியது. பாலத்தடியில் யாரோ நட்ட சூலத்துக்கு இறங்கியது. இடி விழுந்த மரத்தின்கீழ் குங்குமம் பூசிய கல்லுக்கு, புதுசாகக் காடு அழித்த கூட்டம் வைத்த காளிக்கு, புலி அடித்த இடத்துக்கு என்று இறங்கிக்கொண்டே வந்தது. தோட்டத்து வாசலில் இறங்கியது ஒன்பதாவது தடவை.

ஆஸ்பத்திரி முன்னால் வண்டி நின்றது.

"ஐயா, கோயிலுக்குக் கோயில் எதுக்கு அமுக்குறீங்க?"

டிரெசர் அவரை விநோதமாகப் பார்த்தார். "நீர்தானே சொன்னனீர்!"

"நானா?"

"வண்டி வாங்கின அண்டைக்கு. எத்தினை மைலுக்கு ஒருக்கா எண்டு நான் கேட்டன். 'மைலெல்லாம் பாத்துக்கிட்டு ஓட்ட முடியுமாலா, கோயிலுக்கு ஒரு அமுக்கு, அவ்வளவுதான்' எண்டு சொன்னனீர்."

சொன்னது உண்மைதான். ஆறு வருஷத்துக்கு முன் அந்தப் பத்து மைலில் இருந்தவை இரண்டே கோயில்கள். பிறகு ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் ஆளுக்கொரு சாமியைக் கொண்டுவந்தார்கள். கோயில் கூடக் கூட எண்ணெயும் கூடியது.

"ஒம்போதுக்கும் அமுக்கணும்னு யாராச்சும் நெனைப்பாங்களா ஐயா?"

"நான் மருந்து குடுக்கிறவன் காணும். சொன்ன அளவைக் கூட்டிக் குறைக்கிற பழக்கம் என்னட்டை இல்லை."

பிறகு டிரெசர் குரலைத் தாழ்த்திப் பேசினார். "சரி, விடும். எண்ணெயிலைதான் பழுது எண்டு துரைக்கு எழுதிவிடுறன். அவருக்கு என்ன விளங்கப் போகுது?"

செல்லாயியிடம் பிறகு சொன்னபோது, அந்த நேரத்தில் புகைக்கூடத்து வாடை எங்கிருந்தோ வந்தது என்றார் சீனி. ஆஸ்பத்திரிக்கு அடுத்ததே புகைக்கூடம். வாடை வராமல் என்ன செய்யும்?

"வேணாம் ஐயா. சாலா எம்மேல, தப்பு என்னோடது. நாஞ் சொன்ன சொல்லுல வந்த பொகைனே எழுதுங்க. நல்ல வளையத்தக் கழட்டிப் போட்டவனும் நாந்தான்."

டிரெசர் அப்படியே எழுதினார். துரை கடிதத்தை இரண்டு முறை படித்தாராம். படித்துவிட்டு, தம்முடைய தோட்டத்து எல்லைக்குள் எத்தனை கோயில் இருக்கிறது என்று பெரிய கிராணியைக் கேட்டாராம். பெரிய கிராணி, விசாரித்துச் சொல்வதாகச் சொல்லி இரண்டு வருஷமாக விசாரித்துக்கொண்டிருக்கிறார். லாரியையும் பம்பையும் பற்றித் துரை ஒன்றும் சொல்லவில்லை. மாதம் தவறாமல் அவை சீனியிடமே வருகின்றன.

டிரெசருக்காகச் சீனியும் செல்லாயியும் சுண்ணாம்பு வாளியோடு நடந்து போய், ரோட்டோரத்து மரங்கள் இரண்டில் வெள்ளை வளையம் தீட்டிவிட்டு வந்தார்கள். வளையத்தைக் கண்டால் ஒரு அழுத்து. வேறெதற்கும் கை போகக் கூடாது. மூன்றாம் மாதம் டிரெசர் கொட்டகையில் வந்து இறங்கி, "பத்தாவது கோயிலும் வந்திட்டுது காணும். உம்மடை மரத்துக்கு ஆரோ பூப் போட்டுச் சூடம் கொளுத்தியிருக்கினம்" என்றார். செல்லாயி முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

இப்போது அந்த வண்டியில் புகை இல்லை. புதிதாக வண்டி வாங்கியவர்கள் இன்றைக்கும் சீனியிடம்தான் வந்து, "அண்ணே, எண்ணெய்க்கு எத்தன அமுக்கு?" என்று கேட்கிறார்கள். சீனி சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, பின் கம்பித்தட்டில் சாக்கை மடித்துப் போட்டு, ஏறி உட்கார்ந்து, ஓட்டுபவரின் வலது தோளில் கையை வைக்கிறார்.