நாலும் ஒன்றாய்க் கோணின

நான்கு இரும்புத் தாங்கிகள், இரண்டு வெள்ளை நூல்கள், ஓர் எஃகு அளவுகோல்: அந்தப் பட்டறையில் அவருக்கு இருந்த படைக்கலம் இவ்வளவே. காரின் இருபுறமும் சக்கர நடுவின் உயரத்தில் நூலை இழுத்துக் கட்டுவார். நூலுக்கும் சக்கர விளிம்புக்கும் இடையே உள்ள வெளியை அளந்து, சக்கரம் நேர் நிற்கிறதா கோணி நிற்கிறதா என்று சொல்லிவிடுவார். நூல்காரர் என்பதே அவர் பெயராக நிலைத்தது. விடுமுறை நாள்களில் கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் சிறுகார்ப் பந்தயம் ஓட்டுவோர் யாவரும் அவரையே தேடி வந்தனர்.

பெற்றோர் மறைந்தபின் தங்கையை வளர்த்து மணமுடித்துக் கொடுத்தவர் அவர். மாப்பிள்ளை அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுபவர், பந்தயக்காரர். வாடிக்கையாளர்களுள் பிரேக்கை மதிப்பவர் இவர் ஒருவரே என்பது நூல்காரர் கண்ட வரன்தகுதி. அன்றுமுதல் அந்தக் காரின் சக்கரங்களைத் தம் கையாலன்றிப் பிறர் கையால் திருத்த விட்டதில்லை.

பந்தயத்திற்கு முந்தைய நாள் மாப்பிள்ளை காரைக் கொண்டுவந்தார். ஓட்டுநர் இருக்கையில் மாப்பிள்ளையின் எடைக்கு ஈடாக இரண்டு மணல்மூட்டைகளை ஏற்றினார் நூல்காரர்.

தேநீர் கொண்டுவந்த தங்கை எட்டிப்பார்த்தாள். "மூட்டையையே வீட்டுக்கு அனுப்பிடுண்ணே. சொன்னா சொன்ன இடத்துல இருக்கும்."

"கேட்டுக்கோ மாப்ள."

"தினமும் கேட்கிறதுதான் மச்சான்."

அந்தக் காரில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சற்று அகன்று நிற்கும். எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம். நூல் காருக்கு இணையாக நிற்கும்படி, அந்த மனக்கணக்கின்படியே சக்கர நடுவிலிருந்து தள்ளிக் கட்டினார். அளந்தார். புருவம் சுருங்கிற்று. நான்கு சக்கரங்களும் ஒரே அளவில், முன்விளிம்பு உட்பக்கம் சாய்ந்து நிற்பதாக நூல் காட்டியது.

"எதுல மோதினே?"

மாப்பிள்ளை வேறெங்கோ பார்த்தார். "கல்லுல லேசா தட்டுச்சு."

"நாலும் ஒண்ணா தட்டுச்சா?"

"உங்க நூலைக் கேளுங்க. அதுதான் பொய் சொல்லாதே."

அந்தப் புகழ்ச்சி அவர் ஐயத்தை அவித்தது. பின்சக்கரங்களைக் கழற்றி மெல்லிய தகடு வைத்துச் சாய்வை மாற்றினார். முன்சக்கரங்களை அடியிலிருந்தே திருகித் திருத்தினார். அவற்றைக் கழற்ற வேண்டிய வேலை இல்லை. முடித்தபின் நூலுக்கு நான்கும் இசைந்து நின்றன. எப்போதும் சொல்வதையே சொன்னார்: "வளைவுல பயம் வந்தா ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடு. மத்ததை வண்டி பாத்துக்கும்."

இரவெல்லாம் கட்டி நின்ற மேகம் காலையிலும் பெய்யவில்லை. ஓடுதளத்தில் காற்று செத்துக் கிடந்தது. டயர் அடுக்குகளுக்குப் பின்னே அண்ணனும் தங்கையும் நின்றார்கள். கொடி இறங்கிற்று; கார் பாய்ந்தது.

"அந்த இரும்பு வளையம் நல்லதாண்ணே?"

"எந்த வளையம்?"

"முந்தாநாள் வீட்டுலயே முன்சக்கரத்தைக் கழட்டி உள்ளே வச்சு மாட்டினாரே. உன்கிட்ட சொல்லலையா?"

சொல்லமாட்டார். சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்தும் அந்த வளையங்களை, "காருக்கு வளையல் போட்டா ஓட்டம் வருமா?" என்று பலர் நடுவே நூல்காரர் எள்ளியதுண்டு.

அவர் உள்ளத்தில் நூல் மீண்டும் ஒருமுறை கட்டப்பட்டது. முன்சக்கரம் வெளியே வந்தால், அதிலிருந்து தள்ளிக் கட்டிய நூலும் முன்புறம் விரியும். விரிந்த நூலருகே நேரான சக்கரம் உட்சாய்ந்ததாகத் தோன்றும். நேராய் இருந்தவற்றைத்தான் அவர் வெளிப்புறம் கோணச் செய்திருக்கிறார். பின்சக்கரங்கள் அப்படி விரிந்த கார் மெல்லச் செல்லும்வரை அடங்கிக் கிடக்கும். விரைவில் வளையும்போது காலை எடுத்தால், காரின் வால் சுழன்று முன்னே வந்துவிடும்.

கொடிக்காரரை நோக்கி ஓடினார். "நிறுத்துங்க! வண்டிய நிறுத்துங்க!"

கொடிக்காரர் திரும்புவதற்குள் கார் கடைக்கோடி வளைவை எட்டிவிட்டது. பந்தயத்தின் மிக விரைவான வளைவு அது. ஒருபோதும் எவரிடமும் சொல்லாத ஒன்றை நூல்காரர் அந்த வெட்டவெளியில் கத்தினார்: "காலை எடுக்காதே மாப்ள!"

தொலைவில் எஞ்சினின் ஓசை தணிந்தது. சொன்ன சொல் தட்டாத மாப்பிள்ளை காலை எடுத்துவிட்டார்.

பிறகு டயர்களின் நெடிய கூக்குரல். பிறகு மோதல். அதன்பின் எழுந்த அமைதியில் தங்கை ஓடிய காலடி மட்டும் கேட்டது.

உயிர் தப்பியது. தொடையெலும்பு மூன்று துண்டாயிற்று. சேர்ந்தாலும் இடக்கால் குட்டையாகவே இருக்கும் என்றார் மருத்துவர். மருத்துவமனைக் கட்டிலில் மாப்பிள்ளை உலர்ந்த உதட்டால் சிரித்தார்.

"காருக்காவது நாலு மச்சான். எனக்கு ரெண்டுதான். அதுலயும் ஒண்ணு கோணல். வளையத்தைச் சொல்லாதது என் தப்பு."

நூல்காரர் சிரிக்கவில்லை. தங்கையின் கண்கள் அவர்மேல் நின்றன. அவற்றில் சினமில்லை, அதையே அவரால் தாங்க முடியவில்லை.

"கல்லுல தட்டினா நாலும் ஒண்ணா கோணாதுன்னு எனக்குத் தெரியும்மா," என்றார் அவளிடம். "தெரிஞ்சுதான் திருகினேன்."

அவள் குனிந்து, போர்வைக்குள் கணவரின் இரு பாதங்களையும் இணைத்து வைத்துப் பார்த்தாள்.