கைபடாத எஞ்சின்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருந்த மெக்கானிக் ஹியூபேட் பாஸுக்கு வாகன விளம்பரம் என்றாலே எரிச்சல். ‘டொக்டர் பாவித்த கார்’ என்று போட்டிருந்தால், டொக்டருக்குப் பிறகு அது நாலு வருடம் வாடகைக்கு ஓடியிருக்கும். ‘புது டயர்’ என்றால் நாலில் இரண்டுதான் புதிது. வாகனம் வாங்கப்போகிறவர்கள் பத்திரிகைத் துண்டைக் கொண்டுவருவார்கள். அதில் எழுதியிருப்பதெல்லாம் வாகனத்தில் இருக்கிறதா என்று அவர் அடியில் படுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். முப்பது வருடமாக இதுதான் பிழைப்பு.

சண்டைக் காலத்தில் இன்னொரு வேலையும் சேர்ந்தது. எஞ்சினில் பொறித்த இலக்கமும் பதிவுப் புத்தகத்து இலக்கமும் ஒன்றுதானா என்று பார்ப்பது. ஒன்றில்லையென்றால் யாரோ எஞ்சினை மாற்றியிருக்கிறார்கள். தமிழன் அப்படியொரு வாகனத்தோடு பிடிபட்டால், குண்டு ஏற்றத்தான் வைத்திருக்கிறான் என்று ஆளை உள்ளே போட்டுவிடுவார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வந்திருந்த நவரத்தினம், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றவென்று ஒரு வான் பார்த்தார். ‘கைபடாத ஜப்பான் எஞ்சின்’ என்று விளம்பரம். ஹியூபேட்டுக்கு அன்று அது நாலாவது வாகனம், குனிந்து குனிந்து நாரி விட்டுப்போயிருந்தது. பிசுக்கைத் துடைத்து முதல் நாலு இலக்கத்தைப் பார்த்தார். புத்தகத்தோடு ஒத்திருந்தது. மிச்சத்தைப் பார்க்கவில்லை.

“சரி, எடுங்க” என்றார்.

மூன்றாம் மாதம் சோதனைச் சாவடியில் ஒரு பொலிஸ்காரன் மிச்சத்தையும் பார்த்தான்.

நவரத்தினம் பதினொரு நாள் உள்ளே இருந்தார். பொலிசுக்குப் போய்ப் பிழை தன்னுடையது என்று சொல்லிவிட ஹியூபேட் ஒவ்வொரு காலையும் சட்டை மாட்டினார். அவரும் தமிழன்தானே, பயம் விடவில்லை. தன்னை நினைக்க அவருக்கே அருவருப்பாக இருந்தது. கடைசியில் வானை விற்றவர் எஞ்சின் மாற்றியதை ஒப்புக்கொண்ட பிறகுதான் நவரத்தினத்தை விட்டார்கள்.

வெளியே வந்தவர், திரும்பக் கிடைத்த வானோடு நேரே கராஜுக்கு வந்தார்.

“நாந்தான் சரியாப் பாக்கல்ல, அண்ணே. ஏசுங்க.”

“ஏசி என்ன செய்ய, பாஸ்? வானை விக்க வேணும். விளம்பரத்தை நீங்களே எழுதித் தாங்கோ.”

“எஞ்சின் மாத்தினதுன்னு போடவா?”

“போட்டால் ஆர் வாங்குவினம்? புத்தகத்தைத் திருத்தப் போனால் திரும்பவும் விசாரணை. என்னாலை ஏலாது.”

“அப்ப வாங்கிறவன் மாட்டிக்குவானே.”

நவரத்தினம் சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டுக் காயத்தை மூடினார்.

“சிங்களப் பேப்பரிலை போடுங்கோ, பாஸ். சிங்கள ஆக்களெண்டால் பொலிஸ்காரர் தண்டக் காசோடை விட்டிடுவாங்கள்.”

ஹியூபேட்டுக்குச் சிங்களம் நன்றாக எழுத வரும். எழுதிக் கொடுத்தார்.