வெட்டாமல் விட்ட செர்ரி

ஸ்டமென்கா கணவனுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தாள். இடது கையால் கன்னத்துத் தோலை இழுத்துப் பிடித்து, வலது கையால் கத்தியைக் கீழ்நோக்கி ஓட்டினாள். கிராகுயெவாட்ஸ் நகரத்து முதியோர் இல்லத்தில் இருபத்தெட்டு வருடம் பழகிய கை. அவள் கண் கத்தியில் இருந்தது. மிலுனின் கண் ஜன்னலுக்கு வெளியே, பூத்து நின்ற செர்ரியில்.

ஆறு கோடையாக அதில் ஒரு காய் கிடையாது. இது ஏழாவது பூ.

தோட்டம் இருவரும் சேர்ந்து போட்டது. கல்யாணமான வருடம் பதினோரு பிளம் கன்று, பிறகு மூன்று ஆப்பிள். மகள் படித்தது பிளம் சாராயத்திலும் ஜாமிலும்தான். அவள் பிறந்த வாரம் மிலுன் நட்ட செர்ரி மட்டும் விற்பனைக்கு இல்லை. அது வீட்டார் தின்பதற்கு.

போன கோடையில் பக்கவாதம் வந்தபின் மிலுனிடம் மிஞ்சியது ஒரே ஒரு சொல்: விடு. சூப்புக்கும் விடு, போர்வைக்கும் விடு.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், காய்க்காத மரத்தைக் கோடரி காட்டி மிரட்டுவார்கள். ஒருவர் ஓங்குவார், இன்னொருவர் "வெட்டாதே, வரும் வருடம் காய்க்கும்" என்று மரத்துக்கு ஜாமீன் நிற்பார். வருடா வருடம் ஓங்கியது ஸ்டமென்கா, ஜாமீன் மிலுன். இந்த முறை ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு அவள் ஓங்கினாள். கட்டிலிலிருந்து "விடு" என்று குரல் வந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. அங்கே நாலு பிளம் வைக்கலாம் என்று முடிவு செய்தாள்.

சவரம் முடிந்த கையோடு பக்கத்து வீட்டு விதோயே மர அறுவை இயந்திரத்துடன் வந்து நின்றான்.

"பூவோட நிக்கிற மரத்தைப் போய் வெட்டச் சொல்றீங்களே, அண்ணி."

"பூவைக் காட்டியே ஏமாத்துது. அது நிழல்ல ரெண்டு பிளம் சோணியா நிக்குது. வெட்டு."

உள்ளேயிருந்து "விடு" என்றான் மிலுன்.

"அண்ணன் வேணாங்கறாரே."

"காலையில பல்லு தேச்சுவிட்டப்பவும் அதையேதான் சொன்னாரு."

மரத்தை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று விதோயே சுற்றிப் பார்த்தான். வேலிக்கு அந்தப் பக்கம் அவனுடைய கார் கொட்டகை. அதன்மேல் விழக் கூடாது. கொட்டகையைப் பார்த்தவன் பார்த்தபடியே நின்றான். இயந்திரத்தைக் கீழே வைத்தான்.

"அண்ணி, இதைக் கட்டி எத்தனை வருஷம் ஆச்சு?"

"உன் பொண்ணு கல்யாணத்துக்கு முந்தி. ஏழு இருக்கும்."

"அந்த இடத்துலதான எங்க வெள்ளைச் செர்ரி நின்னுச்சு."

ஸ்டமென்கா கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள். இந்த வகைச் செர்ரி தன் பூவின் தூளால் தானே காய்க்காது; வேறு வகை ஒன்று பக்கத்தில் பூக்க வேண்டும். அங்கே யாருக்கும் தெரிந்த விஷயம், அவளுக்கும்தான். முப்பது வருடம் அந்தத் தூள் வேலி தாண்டி வந்துகொண்டே இருந்ததால் அவளுக்கு அதை நினைத்துப் பார்க்கவே தேவை வரவில்லை.

"உன் காரு நனையக் கூடாதுன்னு நாங்க ஆறு வருஷம் பட்டினி. கோடரிய உன் முன்னாடி ஓங்கியிருக்கணும்."

"ஓங்கியிருந்தா எனக்கு யாரு ஜாமீன் நிப்பா?" என்றான் விதோயே. சிரித்தபடி போய்க் காரை எடுத்தான்.

மேட்டு ஊரில் அவன் மைத்துனன் வீட்டில் வெள்ளைச் செர்ரி அப்போதுதான் மலரத் தொடங்கியிருந்தது. இரண்டு மணி நேரத்தில் ஒரு கட்டுக் கிளையோடு திரும்பினான். இரண்டு வாளியில் தண்ணீர் ஊற்றி, கிளைகளை நிறுத்தி, மரத்தின் நடுவே கட்டித் தொங்கவிட்டார்கள். மீதி வேலை தேனீக்களுடையது.

மறுநாள் காலை வெயில் நன்றாக அடித்தது. ஸ்டமென்கா வாளிகளில் தண்ணீர் மாற்றினாள். அடுப்பிலிருந்து எடுத்த பாலாடைக்கட்டி ரொட்டியைத் தட்டோடு வேலிக்கு மேல் நீட்டி, நல்ல காரியம் செய்தாய் என்று விதோயேயிடம் சொன்னாள். அவன் கொட்டகைக்குப் பக்கத்தில், இலையுதிர் காலத்தில் வைக்கப்போகும் கன்றுக்கு இப்போதே குழி வெட்டிக்கொண்டிருந்தான்.

பிறகு மிலுனைச் சக்கர நாற்காலியில் மரத்தடிக்குத் தள்ளி வந்து கஞ்சி ஊட்டினாள். தலைக்கு மேலே தேனீக்கள் இரைந்தன. நாலாவது கரண்டிக்கு அவன் "விடு" என்றான்.

ஸ்டமென்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.