கெர்ட்ரூட் புதைத்த சந்தியாகப்பர்

மலேசியாவில் காஹாங் பக்கத்தில் இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்து வேதக்கோயிலைப் பழங்காலச் சின்னம் என்று படம் பிடிக்க வருகிறவர்கள், பீடத்தில் இருக்கும் புனித சந்தியாகப்பரையும் சேர்த்தே எடுத்துப் போகிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும். அது பின்னால் வாங்கி வைத்த சிலை. முதலில் இருந்தது மரச்சிலை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய எங்கள் ஆட்கள் அதை மடியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். வெள்ளைக் குதிரை, ஓங்கிய வாள், சிவந்த முகம். அதை அழித்தது ஜப்பான்காரன் இல்லை, கெர்ட்ரூட் அக்கா. சாகும்வரை அவர் கோயிலுக்கு வெளியே நின்றுதான் பூசை கண்டார். அவரைத் திட்ட எனக்கு மனசு வராது.

அக்கா பால்மரம் வெட்டுகிறவர், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. அவர் புருஷன் மரியநாதனை ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். கொஞ்ச நாளில் கோயிலை அரிசிக் கிடங்காக்க உத்தரவு வந்தது. வாளோடு குதிரைமேல் இருக்கிறவரைப் பார்த்தால் வெள்ளைக்காரத் தளபதி என்று நினைத்து உடைத்துப்போடுவானே! அக்கா ராவோடு ராவாகச் சிலையைச் சாக்கில் சுற்றி, தன் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளித் தோட்டத்தில் புதைத்தார். புதைத்த இடத்தை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை. அதுவரை நல்ல காரியம்தான்.

மண்ணை மூடும்போது ஒரு வார்த்தை விட்டார்.

"என் வீட்டுக்காரரக் கொண்டாந்து விடுங்க சாமி. அப்பதான் உங்கள வெளிய எடுப்பேன்."

புனிதர்களோடு இப்படி மல்லுக்கு நிற்பது எங்கள் சனத்துக்குப் பழக்கம். ஏதாவது தொலைந்துபோனால், கிடைக்கும்வரை அந்தோனியார் சிலையைத் தலைகீழாக நிறுத்திவிடுவார்கள். பாவம் அந்தோனியார்.

சில மாதங்களில் ஜப்பான்காரன் கிடங்கைக் காலிசெய்துவிட்டான். கோயிலில் செபம் நடத்தும் உபதேசியார் செபஸ்தியன், அக்காவைத் தேடி வந்தார்.

"இனி பயமில்ல தங்கச்சி. அது மரம் லா, இந்த மழைக்குத் தாங்குமா? எடுத்திரலாம்."

"அவரு வரட்டும் அண்ணே."

"அதுக்காகச் சாமியவே ஜெயில்ல போடுவியா?"

"என் புருஷன் மட்டும் எங்க இருக்காராம்?"

உபதேசியார் வந்த வழியே திரும்பிப் போனார். வரிசை வீடுகளாக இருந்த எங்கள் லயத்தில் சயாமுக்கு ஆள் போகாத வீடு குறைவு. அதனால் வேறு யாரும் அக்காவை வற்புறுத்தவில்லை. கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம்.

சண்டை முடிந்து மரியநாதன் வந்து சேர்ந்தார். எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண்ணோடு, ஆனால் உயிரோடு. அக்கா அழுதபடியே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினார். லயமே திரண்டு நின்றது. தோண்டிய குழியிலிருந்து சாக்கைத் தூக்கினார். கனமே இல்லை. பிரித்தால் உள்ளே கரையான் மண். குதிரைக் கால் ஒன்று மிஞ்சியிருந்தது. அதுவும் அக்கா கையில் எடுத்ததும் உதிர்ந்துவிட்டது.

"விடு புள்ள," என்றார் மரியநாதன். "நான்தான் வந்துட்டேன்ல."

"அதாங்க," என்றார் அக்கா. "நான் கேட்டத அவரு செஞ்சிட்டாரு. இப்ப நான் யாரங்க வெளிய எடுப்பேன்?"