விளக்கண்ணனின் மூன்றாவது கையெழுத்து

“தேவன் தெரிந்தெடுத்தவன் யாரு, தள்ளிவிட்டவன் யாருன்னு சொல்ல எனக்கு முகத்தைப் பார்த்தா போதும். இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவைகூடத் தப்பினது இல்ல.”

இதை விளக்கண்ணன் ஒரு கல்யாண வீட்டில், கை கழுவும் இடத்தில், முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னார். கேட்டவர் கையில் சோப்பு நுரையோடு, தன் முகத்தை எந்தப் பக்கம் திருப்பிக்கொள்வது என்று தெரியாமல் திண்டாடிப் போனார்.

அவர் ஆதாரம் இல்லாமல் பேசுகிறவர் இல்லை. முட்டைக் கிடங்கில் அவருக்கு வேலை. இருட்டறை, மேசைமேல் துளை போட்ட தகரப் பெட்டி, அதற்குள் ஒரு விளக்கு. துளையில் முட்டையை வைத்து ஒரு சுழற்று சுழற்றினால் உள்ளே இருப்பது அத்தனையும் தெரிந்துவிடும். மஞ்சள் கரு நடுவில் நிற்கிறதா, ரத்தப் புள்ளி இருக்கிறதா, ஓட்டில் மயிரிழை விரிசல் ஓடுகிறதா எல்லாம். நல்லது வலப்பக்கத்து அட்டைக்கு, கூமுட்டை இடப்பக்கத்து வாளிக்கு. ஒரு முட்டைக்கு இரண்டு நொடிக்குமேல் அவர் செலவழித்ததாக வரலாறு கிடையாது. வலதும் இடதும், வேதத்தில் செம்மறியாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் உள்ளபடியே, அமைந்துபோனதைத் தற்செயல் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

முட்டையோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. மெத்தைக் கடைக்கு மேல்மாடியில் கூடும் சிறிய சபை ஒன்றில் அவர் மூத்த உறுப்பினர். சனிக்கிழமை மாலை வேதபாட வகுப்பு அவர் பொறுப்பு. அதில் அவர் விரும்பி நடத்தும் பாடம் ஒன்றுதான்: தெரிந்துகொள்ளுதல். உலகத்துக்கு அஸ்திவாரம் போடுவதற்கு முன்பே தேவன் தம்முடைய ஆட்களைத் தெரிந்தெடுத்துவிட்டார். ரெபெக்காளின் வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள். நல்லதோ கெட்டதோ எதையும் செய்வதற்கு முன்பே சின்னவன் உள்ளே, பெரியவன் வெளியே. ஏன் என்று கேட்க நீ யார்? களிமண் குயவனைக் குறுக்கு விசாரணை பண்ணுமா? இந்த இடத்தில் மேசையில் ஒரு தட்டு தட்டுவார். மெத்தை மேலெல்லாம் சுண்ணாம்பு உதிர்கிறது என்று கீழேயிருந்து கடைக்காரர் இரண்டு தடவை ஆள் அனுப்பிப் பார்த்தார். விளக்கண்ணன் கடைக்காரர் முகத்தையும் ஏற்கெனவே பார்த்திருந்ததால் அதைப் பொருட்படுத்தவில்லை.

தேவன் தமக்கு இஷ்டமான யாரை வேண்டுமானாலும் எடுப்பார் என்று நாற்பது தடவை பாடம் நடத்தியவருக்கு, அந்த ‘யாரை வேண்டுமானாலும்’ என்பதற்குள் தன் மைத்துனனும் அடங்குவான் என்று மட்டும் தோன்றவே இல்லை.

மைத்துனன், அதாவது அவர் மனைவியின் தம்பி, சுவரொட்டி ஒட்டுகிறவன். அதற்கு முன் பதினோரு தொழில் பார்த்து, பதினொன்றையும் பாதியில் விட்டவன். சபைக் கட்டடத்தின் கீழ்ச்சுவரில் சர்க்கஸ் சுவரொட்டி ஒட்டும்போது போதகரிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். “ஒட்டினவனே சுரண்டு” என்று போதகர் கத்தியைக் கொடுத்துவிட்டு மாடிக்குப் பிரசங்கம் பண்ணப் போனார். இவன் ஒட்டிய யானை சுலபத்தில் வரவில்லை. சுரண்டச் சுரண்ட ஜன்னல் வழியே பிரசங்கம் கேட்டது. யானையின் தும்பிக்கை பாக்கி இருக்கும்போதே கத்தியோடு மாடியேறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தவன்தான். ஐந்து மாதமாக ஒரு ஞாயிறு தவறவில்லை. இப்போது ஞானஸ்நானம் வேண்டும் என்கிறான்.

சபையில் ஒரு விதி உண்டு. ஞானஸ்நானம் கேட்கிறவனின் வீட்டுக்கு மூத்தவர்கள் மூன்று பேர் தனித்தனியே போய் விசாரித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் ‘இல்லை’ என்றாலும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியதுதான். தையல்காரரும் பழைய கம்பவுண்டரும் போட்டாயிற்று. மூன்றாவது ஆள் விளக்கண்ணன்.

“சொந்தக்காரனுக்கு நான் எப்படிங்க பாஸ்டர்?” என்று நழுவப் பார்த்தார்.

“மூத்தவங்க மூணு பேர்தானே அண்ணே இருக்கீங்க. நாலாவது ஆளை வேணாம்னு சொன்னதும் நீங்கதான்” என்றார் போதகர்.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தவருக்கு மனைவி தட்டை வைத்த சத்தத்திலேயே விஷயம் புரிந்தது.

“என்னங்க, எப்பப் போறீங்க?”

“போனா என்ன ஆகப்போகுது? உன் தம்பியை நம்ம கல்யாணத்தன்னைக்கே பார்த்து முடிச்சுட்டேன். கூமுட்டை.”

“பதினெட்டு வருஷமா சபைக்குப் போறீங்க வர்றீங்க. ஒரு நாள் அவனை வாடான்னு கூப்பிட்டிருப்பீங்களா?”

“கூமுட்டையைக் கூப்பிட்டு வச்சு என்ன பண்றது?”

“ஞானஸ்நானத்துக்குன்னு அவன் வெள்ளைச் சட்டை வாங்கி வச்சுட்டான். எங்க அம்மா செத்தப்பகூடச் சட்டைக்குப் பித்தான் போடாம வந்து நின்ன பய. இஸ்திரி போட்டு ஆணியில மாட்டி வச்சிருக்கான். நீங்க இல்லைன்னு எழுதினா அதை எங்கிட்டச் சொல்லாதீங்க. நேரா அந்தச் சட்டைகிட்டப் போய்ச் சொல்லுங்க.”

விளக்கண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, அப்போதே மைத்துனன் வீட்டுக்குப் போனார்.

மைத்துனன் அறையில் பசை வாளி, தென்னந்துடைப்பம் அளவுக்கு ஒரு தூரிகை, சுருட்டி நிறுத்திய சுவரொட்டிகள், ஒரு நாற்காலி. நாற்காலியின் இருக்கையில் பழைய பசை. தெரியாமல் உட்கார்ந்துவிட்ட விளக்கண்ணன், எழுந்தால் மானம் போகும் என்பதால், விசாரணையை உட்கார்ந்தபடியே நடத்தினார்.

“சொல்லு. தேவன் உன்னை ஏன் தெரிந்துகொண்டார்?”

“அதான் அத்தான் எனக்கும் பிடிபடல. ஆள் மாத்தி எடுத்துட்டாரோன்னு நானும் நினைச்சுப் பார்த்தேன்.”

“தேவன் ஆள் மாத்துவாராடா?”

“மாத்த மாட்டாரா? அப்பச் சரி, என்னையேதான் எடுத்திருக்கார்.”

விளக்கண்ணன் பல்லைக் கடித்தார். “எடுக்கிற அளவுக்கு உங்கிட்ட என்ன இருக்கு? ஒண்ணு சொல்லு பார்ப்போம்.”

மைத்துனன் உண்மையிலேயே யோசித்தான். கூரையைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான். “ஒண்ணும் தேறல அத்தான். சுவர்ல நேரா ஒட்டுவேன். அதைக்கூட அந்தச் சர்க்கஸ்ல கோட்டை விட்டுட்டேன். என் கையில குடுத்திருந்தா நான் என்னை எடுத்திருக்கவே மாட்டேன்.”

“வெட்கமா இல்ல, இதைச் சிரிச்சுக்கிட்டே சொல்ற?”

“சந்தோஷமா இருக்கு அத்தான், என்ன பண்ணச் சொல்றீங்க?” என்றவன், சும்மா இருந்திருக்கலாம், கேட்டுவிட்டான். “உங்களை ஏன் அத்தான் எடுத்தார்?”

இந்தக் கேள்விக்கு விளக்கண்ணனிடம் பதில் எப்போதும் நாக்கு நுனியில் தயார். “நான் இருபத்தாறு வருஷத்துல ஒரு நாள் லேட்டா போனதில்ல. பீடி, சிகரெட் தொட்டதில்ல. யாரையும் ஒரு முட்டைகூட ஏமாத்தினதில்ல. சபையில நாற்காலி எல்லாம் நான்தான் போடுவேன். வேதத்தை நாலு தடவை முழுசா…”

ஆறாவது தகுதிக்குத் திறந்த வாயை மூடிக்கொண்டார். நல்லதோ கெட்டதோ எதையும் செய்வதற்கு முன்பே என்று மேசையைத் தட்டித் தட்டிச் சுண்ணாம்பு உதிர்த்தவர் அவர்தான். வெளியே தள்ளப்பட்ட அந்தப் பெரியவன் ஏசாகூட இவ்வளவு நீளமாகப் பட்டியல் வாசித்திருக்க மாட்டான்.

மைத்துனன் கிண்டலே இல்லாமல் தலையாட்டினான். “உங்களை எடுத்தது நியாயம்தான் அத்தான். உங்ககிட்ட இவ்வளவு இருக்கு.”

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வெடுக்கென்று எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. மைத்துனன் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, அவர் வெளியே வந்தார். கால்சட்டையின் ஒரு துண்டு சுவரொட்டிக்காரனிடமே தங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை இருட்டறையில் அவர் வேலை ஓடவில்லை. நல்ல முட்டை நாலைந்து வாளிக்குப் போயின. பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்து, “என்ன அண்ணே, கண்ணு தெரியலையா?” என்று கேட்டாள். அவர் அவளைப் பார்த்து எரிந்து விழுந்தார். தேவன் மேலும் அவருக்குக் கோபம். எடுப்பதென்றால் எடுக்கட்டும், யார் வேண்டாம் என்றது? பதினெட்டு வருஷமாக நாற்காலி போடுகிறவனிடம் ஒரு வார்த்தை கலந்துகொண்டு எடுத்தால் என்ன குறைந்துபோகும்? எடுக்கப்பட்டவனாவது ஏன் என்று சொல்லத் தெரிந்தவனாக இருக்கக் கூடாதா?

சனிக்கிழமை வகுப்பு முடிந்து ஆட்கள் இறங்கிப் போனார்கள். போதகர் மேசைமேல் தாளை வைத்தார். தாளில் மைத்துனன் பெயர், அதன்கீழ் இரண்டு கையெழுத்துகள், அதற்கும் கீழே இரண்டு கட்டங்கள்: ஆம், இல்லை. ‘குறிப்புகள்’ என்று முன்பு இருந்த மூன்றாவது கட்டத்தை, வீண் பேச்சுக்கு இடம் கொடுக்கும் என்று எடுக்கச் சொன்னவர் விளக்கண்ணன்.

“இல்லைன்னா இல்லைன்னு போடுங்க அண்ணே. நாளைக்குத் தொட்டியில தண்ணி நிரப்பணுமா வேணாமான்னு எனக்குத் தெரியணும்.”

விளக்கண்ணன் பேனாவைத் திறந்தார். ‘இல்லை’யின் கட்டத்துக்குமேல் முனையைக் கொண்டுபோனார். பிறகு ‘ஆம்’ பக்கம் கொண்டுபோனார். இரண்டு நொடி ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று. போதகர் ஜன்னல்களைச் சாத்திவிட்டு வந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, மறுபடி போட்டார்.

கடைசியில் இரண்டு கட்டங்களையும் விட்டுவிட்டு, ஓரத்தில் இருந்த கொஞ்சம் இடத்தில், பொடி எழுத்தில், ‘எனக்குத் தெரியவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

போதகர் படித்தார். “அப்ப இது ‘இல்லை’ இல்லைதானே அண்ணே?”

“தண்ணி நிரப்புங்க” என்று சிடுசிடுத்துவிட்டு, விளக்கண்ணன் காலைக் கூட்டத்துக்கு நாற்காலிகளை வரிசையாகப் போட ஆரம்பித்தார்.